மலைப்பக்கம்

எல்லாரும் கடலைப் பார்க்கத்தான் கிரேட் ஓஷன் ரோட்டுக்குப் போகிறார்கள். நான் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்கூடாயில் சிவில் படித்துவிட்டு, ஐந்து வருஷமாக மலைச்சரிவுகள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. "டேய், கடல் இந்தப் பக்கம் லா" என்று நண்பர்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். மேற்கே போனால் கடல் ஜன்னலை ஒட்டியே வரும். பயந்தவர்கள் எதிர்த்திசையில் வருவது நல்லது.

டோர்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் நடுவில்தான் விஷயமே. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் கடல், நடுவில் இரண்டே தடம். 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர் பக்கம் காட்டுத்தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. புதரும் மரமும் போன சரிவு, அடுத்த வருஷ மழையில் சாலைமேல் இறங்கிவிட்டது. கேமரன் மலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை வெட்டியவர்கள் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். 1919 முதல் 1932 வரை, ஏறக்குறைய 3,000 பேர். போரில் செத்த தோழர்களுக்கு நினைவுச்சின்னம் இந்தச் சாலையேதான். மண்வெட்டி, பிக்காசு, தள்ளுவண்டி, வெடிமருந்து, பெரும்பாலும் இவைதான் கருவி. அந்தப் பாறையைப் பார்த்தபிறகு எனக்கு நம்பவே முடியவில்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. முகாமில் பியானோகூட இருந்ததாம். 1924இல் தரைதட்டிய ஒரு கப்பல், பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியது. அப்புறம் இரண்டு வாரம் வேலை நடக்கவில்லை என்று சொல்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

லோர்னுக்கு முன்னால் ஈஸ்டர்ன் வியூவில் மரத்தாலான நினைவு வளைவும், பக்கத்தில் இரண்டு தொழிலாளர்களின் வெண்கலச் சிலையும் உண்டு. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் செய்தார்.

"ரோடு போட்டவங்களுக்குச் சிலையா?"

"ஆமாப்பா. பட்டாளத்துக்காரங்க."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா போட்டாங்களாமா?"

பியானோ கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

தாத்தாவின் அண்ணனை 1943இல் பேராக் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கதை இந்த இரண்டு வாக்கியம்தான். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஜப்பானியர்களிடம் கைதியான ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் அங்கே பாறை உடைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,800 பேர் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அவர்களும் மற்ற நேச நாட்டுச் சிப்பாய்களுமாகக் கிட்டத்தட்ட 7,000 பேர், வரிசை வரிசையாக, புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. பாறை உடைத்தவனுக்கு அவ்வளவாவது வேண்டும். தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் என்பதே இன்றுவரை மதிப்பீடுதான்.

மறுநாள் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். பெயரில்தான் பன்னிரண்டு. 2005இல் ஒன்று இடிந்து விழுந்ததோடு எட்டுதான் மிச்சம். சுண்ணாம்புப் பாறை, அலை அடிவாரத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. நண்பர்கள் ஏழா எட்டா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"பெரிய தாத்தா பேரு 'மு'னாவுல ஆரம்பிக்கும். முழுசா அத்தைக்குத்தான் தெரியும். அவங்களும் இல்ல. தோட்டத்துல செக்ரோல் ஏதும் வச்சிருப்பாங்களான்னு ஊருக்கு வந்ததும் கேட்டுப் பாரு."