தோட்டத்து இரயில்

'தோட்டம்' என்னும் சொல் தமிழகத்தாருக்குப் பூச்செடியையும் காய்கறிப் பாத்தியையும் நினைவூட்டும். மலேசியத் தமிழருக்கோ அச்சொல் வேறோர் உலகத்தையே கண்முன் கொணர்ந்து நிறுத்தும். இரப்பர் மரங்களும் செம்பனை வரிசைகளும், பால்வாளியும் வெட்டுக்கத்தியும், லயத்து வீடுகளும் விடியற்காலைப் பெரட்டும் அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கூடும் ஓரிடம் ஜோகூர் மாநிலத்தின் லாயாங் லாயாங்கில் உண்டு. அது ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவரின் வீட்டுக் கொல்லை. ஆண்டிற்கு இருமுறை அங்கே நண்பர்கள் கூடி இரயில் ஓட்டுவார்கள்.

லாயாங் லாயாங் என்பது மலாய்ச் சொல். காற்றில் ஏறும் பட்டத்திற்கும், மாலை வேளையில் கம்பிகளின்மேல் வந்தமரும் தகைவிலான் குருவிக்கும் அதுவே பெயர். குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரைச் சுற்றிலும் தோட்டங்கள். ஊரின் ஊடே இருப்புப் பாதை செல்கிறது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1909இல், கெமாசிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான பாதை முழுமை பெற்றது. 1923இல் ஜோகூர் கடற்பாலத்தின்மேல் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் பாதை சிங்கப்பூருடன் இணைந்தது. காட்டை வெட்டிக் கரையெழுப்பிக் கம்பி பதித்தவர்களுள் தமிழர் பலர். தோட்ட மக்கள் அதனைக் 'கம்பிச் சடக்கு' என்று அழைத்தனர். தாம் போட்ட பாதைக்குத் தாமே சூட்டிய பெயர் அது.

அந்த நிலைய அதிபரின் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவர். மகன் நிலைய அதிபராய் உயர்ந்தார். பணி ஓய்வு பெற்றபின், வாழையும் கறிவேப்பிலையும் நிற்கும் கொல்லையில் அவர் சின்னஞ்சிறு இருப்புப் பாதை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அண்டை வீட்டார் நகைத்தனர். "பேரனுக்கா, உங்களுக்கா?" என்று மனைவியார் கேட்டார். "இருவருக்கும்" என்று விடை கூறிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்தார்.

இவ்வகைத் தோட்ட இரயிலுக்குச் செருமனியின் நூரெம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968ஆம் ஆண்டு புதுவாழ்வு அளித்தது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் பித்தளைத் தண்டவாளங்களை 45 மில்லிமீட்டர் அகலத்தில் அது வெளியிட்டது. உண்மைப் பொருளை இருபத்து இரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கும் அளவு அது. சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் உள்ள மீட்டர் அகலப் பாதைகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட கணக்கு. ஆயிரம் மில்லிமீட்டரை இருபத்து இரண்டரையால் வகுத்தால் ஏறத்தாழ 45 வரும். மலாயாவின் பாதையும் மீட்டர் அகலமே. தென்னிந்தியாவின் நீலகிரி மலைப் பாதையும் அவ்வகலமே. எங்கோ செருமனியில் செய்த தண்டவாளம் மலாயா இரயிலுக்கென்றே அளந்து செய்ததுபோல் பொருந்தியது கண்டு நிலைய அதிபர் வியந்தார். தகரத்தை வெட்டி வளைத்து, ஏழு மாதம் உழைத்து, பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் உருவத்தைத் தாமே செய்து முடித்தார்.

அவரது பாதையில் நான்கு நிலையங்கள். சமையற்கட்டின் பின்புறம் கூலாய், வாசல் திண்ணையருகே லாயாங் லாயாங், வாழைக் கூட்டத்திற்கு அப்பால் ரெங்கம், மாமரத்தடியில் குளுவாங். உண்மைக் குளுவாங் நிலையத்தில் 1938 முதல் நடந்துவரும் காப்பிக்கடை பெயர் பெற்றது. ஆதலால் மாமரத்தடிக் குளுவாங்கிலும் காப்பியும் ரொட்டியும் வைக்கப்படும். வண்டி அங்குச் சென்று சேர்ந்தால்தான் காப்பி என்பது வீட்டம்மையார் விதித்த சட்டம்.

இத்தகைய விளையாட்டில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவது பெரிதன்று. கால அட்டவணைப்படி, விதி வழுவாமல், பலர் கூடி ஓட்டுவதே பெரிது. ஒருவர் ஓட்டுநர், ஒருவர் கார்டு, மற்றவர் நிலையங்களைக் காப்பவர். ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கும். ஒற்றைப் பாதையானதால், எதிரெதிரே இரு வண்டிகள் வாராமல் காக்க டோக்கன் முறையும் உண்டு. உண்மைப் பாதையில் இரு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை அந்த இடைவெளிக்கு மற்றொரு டோக்கன் எப்பெட்டியிலிருந்தும் வாராது. அதைக் கையிற் பெற்ற ஓட்டுநர் மட்டுமே வண்டியை நகர்த்தலாம். பெரிய வளையத்தில் கோத்த பையினுள் டோக்கனை வைத்து, ஓடும் வண்டியிலேயே கைமாற்றும் காட்சியை அந்நாளைய பயணிகள் பலர் கண்டிருப்பர். கொல்லைப் பாதையில் மின்பெட்டி இல்லை. ஓர் இடைவெளிக்கு ஒரு பிரம்பு வளையம், அவ்வளவே. அது ஆணியில் தொங்கினால் பாதை காலி. இல்லையேல் எவரும் நகரக் கூடாது.

அன்று மூன்று நண்பர்கள் வந்திருந்தனர். ஒருவர் குளுவாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநர். குரலும் சிரிப்பும் பெரியவை. மற்றொருவர் சிங்கப்பூரிலிருந்து வந்த முன்னாள் அஞ்சல் ஊழியர். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகார் நிலையத்தின் கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றதைக் கூட்டத்தினிடையே நின்று பார்த்தவர். மூன்றாமவர் ரெங்கத்தை அடுத்த தோட்டமொன்றில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்புப் பாதைத் தொழிலாளியாய் உழைத்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. வெயிலிலும் மழையிலும் அவர் திருகிய ஆணிகளின்மேல் எத்தனையோ வண்டிகள் ஓடின. ஆனால் டோக்கனை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அது அவருடைய வேலையன்று. நிலைய அறையின் வாயிற்படிக்கு வெளியே நின்றே அவர் பேசிப் பழகியவர். நிலைய அதிபர் தம் வீட்டிற்கு அழைத்த பின்னரும் "ஐயா" என்றே விளிப்பார். நாற்காலியின் நுனியிலேயே அமர்வார்.

விடிந்ததும் முதல் வேலையாக அவர் பாதையைச் சுற்றி வந்தார். சிறு சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். வெயில் ஏற ஏறப் பித்தளை நீளும். ஆதலால் இணைப்புகளில் மெல்லிய இடைவெளி வேண்டும். ஓரிடத்தில் அது மூடியிருப்பதைக் கண்டு, கம்பியை நகர்த்திச் சரிசெய்தார். குறுக்குக் கட்டைகளின் அடியிலிருந்து எறும்புகள் வெளிக்கொணர்ந்த மண்ணை நீக்கிச் சரளையை இட்டு நிரப்பினார்.

பாதையைக் கடக்கும்போது அவர் கட்டைமேல் கால் வைப்பதில்லை. விரல் நீளமேயுள்ள கட்டைதான். ஆயினும் தாண்டியே செல்வார். நிலைய அதிபரின் பத்து வயதுப் பேரன் காரணம் கேட்டான். "எங்கள் தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், தம்பி. திரும்பி வரவில்லை" என்று மட்டும் சொன்னார். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதையைச் சப்பானியர் 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவும் பசியும் அடியும் அவர்களை மாய்த்தன. அப்பாதையில் கட்டைக்கு ஓர் உயிர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. பேரன் அதன்பின் பாதையைத் தாண்டியே சென்றான்.

பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்வது அவ்வீட்டு வழக்கம். ஓட்டுநருக்கு ஓட்டுநர் சீட்டே வந்தது. சிங்கப்பூர் நண்பருக்கு ரெங்கம் நிலையம் கிடைத்தது. பேரனுக்குச் சரக்கு வண்டி. நிலைய அதிபர் தம் சீட்டைப் பிரித்தார். 'பாதைத் தொழிலாளி' என்றிருந்தது. கடைசிச் சீட்டு பாதைத் தொழிலாளியின் கையில் விரிந்தது: 'லாயாங் லாயாங் நிலைய அதிபர்.' அவர் சீட்டை இருமுறை படித்துவிட்டு, "இது உங்களுடையது, ஐயா" என்று நீட்டினார். "சீட்டு உங்கள் கையில் வந்தது, உங்களுடையதுதான்" என்று சொல்லி, வீட்டுக்காரர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். திண்ணையில் மேசையும் பதிவேடும் கடிகாரமும் இருந்தன. புதிய நிலைய அதிபர் அங்கே சென்று அமர்ந்தார். இம்முறை நாற்காலியில் நன்றாகவே அமர்ந்தார்.

பத்து மணிக்கு முதல் வண்டி கூலாயை விட்டது. மணியொலிகள் கொல்லையெங்கும் பரவின. பதிவேட்டில் ஒவ்வொரு வண்டியின் வரவும் செலவும் ஏறின. பிழையற்ற, அழுத்தமான தமிழெழுத்து. தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் சிலேட்டில் பழக்கிய கையெழுத்து அது என்று எவரும் சொல்லிவிடலாம்.

பத்தேகாலுக்கு எஞ்சின் ஓட்டுநர் தம் பயணி வண்டியுடன் லாயாங் லாயாங்கில் நின்றார். மாமரத்தடியிலிருந்து காப்பி மணம் வந்தது. எதிரே பார்த்தார், பாதை வெறுமையாகத் தோன்றியது. கையிலிருந்த விசையைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது. ரெங்கத்து வளையம் ஆணியில் இல்லை. அவர் கையிலும் இல்லை.

திண்ணையிலிருந்து சிவப்புத் துணி உயர்ந்தது. "நிறுத்துங்கள்!"

வண்டி இரண்டடி தள்ளி நின்றது. ஓட்டுநர் சிரித்தார். "எதிரே ஒன்றும் காணோமே, அப்பா! விளையாட்டுத்தானே, விடு."

"டோக்கன் உங்கள் கையில் இல்லை, டிரைவர் ஐயா. வண்டி போகாது."

குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. ஓட்டுநரின் முகம் சிவந்தது. பெரிய வண்டிகளை ஓட்டிய தமக்குப் பாதையில் கல் பொறுக்கியவர் விதி சொல்வதா என்னும் எண்ணம் கணப்பொழுது அம்முகத்தில் நிழலாடியிருக்கலாம். வீட்டுக்காரர் சுத்தியலுடன் தள்ளி நின்றார். அவர் வாய் திறந்திருந்தால் வழக்கு நொடியில் தீர்ந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் பாதைத் தொழிலாளி, அவர் பேசவில்லை.

அப்போது வாழைக் கூட்டத்தின் மறைவிலிருந்து பேரனின் சரக்கு வண்டி வளைவைச் சுற்றி வெளிப்பட்டது. ரெங்கத்து வளையம் அவன் தோளில் தொங்கியது. பயணி வண்டி சென்றிருந்தால் அவ்வளைவில்தான் இரண்டும் மோதியிருக்கும். ஏழு மாதத்து உழைப்பு நசுங்கியிருக்கும்.

ஓட்டுநர் சற்று நேரம் அவ்வண்டியையே பார்த்து நின்றார். பிறகு திண்ணையருகே வந்து தொப்பியைக் கழற்றினார். "பிழை என்னுடையதுதான், மாஸ்டர்" என்றார்.

நிலைய அதிபர்களை மட்டுமே அவர் தம் பணிக்காலம் முழுதும் 'மாஸ்டர்' என்று அழைத்தவர். அச்சொல் திண்ணையில் இருந்தவரின் காதில் விழுந்தது. அவர் பேனாவை எடுத்தார், எழுதாமல் தயங்கினார்.

"எழுதுங்கள்" என்றார் ஓட்டுநர். "எழுதாவிட்டால் பதிவேடு எதற்கு?"

'10.20. டோக்கனின்றி நகர்ந்த பயணி வண்டி நிறுத்தப்பட்டது. சேதமில்லை. ஓட்டுநர் பிழையை ஏற்றார்' என்று அவர் எழுதிக் கீழே கையெழுத்திட்டார். பேரன் வளையத்தை அவரிடம் ஒப்படைத்தான். அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, எழுந்து நின்று, ஓட்டுநரிடம் முறைப்படி நீட்டினார். வண்டி மாமரத்தடியை அடைந்தபோது காப்பி ஆறியிருந்தது; எவரும் குறை சொல்லவில்லை.

மாலையில் விருந்தினர் விடைபெறும் வேளையில், ஊர்ப்பக்கமிருந்து உண்மை இரயிலின் ஓசை கேட்டது. கெமாசுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே இப்போது இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை என்றானபின் டோக்கனுக்கு அங்கே வேலை இல்லை. அது நன்மையே. ஆயினும், ஒற்றைப் பாதையில் ஒருவர்க்கொருவர் வழிவிட்டு நூறாண்டுக் காலம் வாழ்ந்தவர்களின் ஒழுங்கு அந்த வளையத்திற்குள் இருந்தது. அதைக் கையில் கொண்டவன் யாழ்ப்பாணத்தானா, தோட்டத்தானா, படித்தவனா, பாமரனா என்று தண்டவாளம் கேட்டதில்லை. கேட்டவர்கள் மனிதர்களே.

பதிவேட்டை வீட்டுக்காரர் அலமாரியில் வைக்கவில்லை. திண்ணை மேசையிலேயே திறந்தபடி விட்டு வைத்தார். புறப்படும் முன் பாதைத் தொழிலாளி மூன்று வளையங்களையும் எண்ணி ஆணிகளில் மாட்டினார். பிறகு வழக்கம்போல், கட்டைகளின்மேல் கால் படாமல், பாதையைத் தாண்டிச் சென்றார். "அடுத்த முறை சீக்கிரம் வந்துவிடுங்கள், மாஸ்டர்" என்று வீட்டுக்காரர் வாயிலிலிருந்து கூவினார்.