ஐந்தாவது பெயர்

பிரயாணம் செய்வதில் ஓர் இன்பம் உண்டு. பிரயாணத்துக்குத் திட்டம் போடுவதில் அதனினும் பெரிய இன்பம் உண்டு. பிரயாணத்தில் மழை பெய்யும், வாகனம் பழுதாகும், பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். திட்டத்திலோ வானம் எப்போதும் தெளிந்தே இருக்கும். என்னைப் போன்ற ஆசிரியர்கள் பத்துத் திட்டங்கள் போட்டு ஒன்றையேனும் நிறைவேற்றாமல் காலத்தைக் கழிப்பதற்கு இதுதான் காரணம் போலும்!

வலப்பனைப் பகுதியில் புவியியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியன் நான். தோட்டத்து லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, இன்று நாற்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் குடும்பமாகப் புறப்பட்டுச் சென்றதெல்லாம் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் இழவு வீட்டுக்குந்தான். உல்லாசத்துக்கென்று ஒரு நாளும் போனதில்லை. இந்தக் குறையை எனக்கு உணர்த்தியவன் பன்னிரண்டு வயதான என் மகன். ‘நான் விரும்பும் விடுமுறை’ என்று பாடசாலையில் எழுதச் சொன்ன கட்டுரையில், அணைக்கட்டு நீர்த்தேக்கத்தின் கரையிலே கூடாரம் அடித்து, அப்பாவுடன் தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும் என்று அவன் எழுதியிருந்தான். ‘அப்பாவுக்கு நேரம் இருந்தால்’ என்று கடைசியில் ஒரு வரியையும் சேர்த்திருந்தான். அந்த வரிதான் என்னைச் சுட்டது.

அன்று மாலையே புதிய அப்பியாசப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதற் பக்கத்தில் ‘சித்திரை விடுமுறைப் பிரயாணம்’ என்று தலைப்பிட்டேன். செல்வோர்: நான், மனைவி, மகன், மகள். ஆக நால்வர். சக ஆசிரியர் ஒருவர் இரவல் தருவதாகச் சொன்ன கூடாரமும் நால்வர் படுக்கும் கூடாரமே. அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலி வேறு. குளிரிலும் அட்டைக்கடியிலும் அவரை இழுத்தடிப்பானேன் என்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு நாளைக்கு ஒப்படைப்பதாக முடிவு செய்தேன். இது அம்மாவின் நலத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றே மெய்யாக நம்பினேன்.

அடுத்து எழுந்த கேள்வி, எந்த நீர்த்தேக்கத்துக்குச் செல்வது என்பது. எங்கள் மலைச்சரிவிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கினால் ரந்தெனிகல இருக்கிறது. 1986ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, ஏறத்தாழ 86 கோடி கன மீற்றர் நீரைத் தேக்கி வைக்கக்கூடியது. அதற்கு மேலே விக்டோரியா. 122 மீற்றர் உயரத்தில் வில்லாய் வளைந்து நிற்கும் அந்த அணை 1985இல் திறக்கப்பட்டது. ஆயினும் இவ்விரண்டையும் சூழ்ந்த காடுகள் 1987ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கின்றன. அங்கே காட்டு யானைகள் உலாவுகின்றன. “துணிக் கூடாரத்துக்கும் யானைக்கும் எப்படிங்க சரிப்படும்?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வியாதலால் அவ்விரு பெயர்களையும் அடித்துவிட்டேன்.

எஞ்சியவை ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்கள். இலங்கையின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கனவு, லக்ஷபானவில் 1950இல் நனவாயிற்று. அதன் தொடர்ச்சியாகக் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ அணையும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை அணையும் எழுந்தன. இவ்விரு ஆறுகளும் கூடித்தான் களனி கங்கையாகின்றன. இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை மனனம் செய்ய வைப்பவன் நான்.

யானை இல்லை, எதிரே சிவனொளிபாதமலையின் காட்சி, கரையருகே கூடாரம் அடிக்க இடம் கொடுக்கும் விடுதி. மவுசாகலையே என்று தீர்மானித்து, குடும்பத்தார் எல்லோரையும் கூட்டித் திட்டத்தை வாசிக்கத் தொடங்கினேன். ராகலை, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட் என்று வழியை விவரித்தேன். மகன் தூண்டிலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். திலாப்பியா மீன் 1952ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும், இன்று நம் நாட்டுக் குளங்களிலெல்லாம் பெருகிக் கிடக்கிறது என்றும் நான் சொல்ல, “அது எந்த இரைக்கு வரும்?” என்று அவன் கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை. அது பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயம்.

மூலையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

“எந்தத் தண்ணி, தம்பி?”

“மவுசாகலை அம்மா. மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில்.”

“பழைய மஸ்கெலியாவா, புது மஸ்கெலியாவா?”

நான் ஆசிரியனல்லவா? “பழைய நகரம் நீருக்குள் போய்விட்டது அம்மா. அணை கட்டும்போது மக்களை மேட்டுக்குக் குடியேற்றினார்கள். இப்போது இருப்பது புதிய நகரம்” என்று விளக்கத் தொடங்கினேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா. கையிலிருந்த கீரைத் தண்டு அப்படியே நின்றது.

அம்மா மஸ்கெலியாப் பக்கத்துப் பெண் என்பது எனக்குத் தெரியும். ஏதோ ஒரு தோட்டமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேனேயன்றி, எந்த இடம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அவராகவே சொன்னார். பழைய மஸ்கெலியாக் கடைத்தெருவில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, என் தாத்தா ஒரு தையற்கடை வைத்திருந்தாராம். கடைக்குப் பின்னாலேயே வீடு. காலையில் கோயில் மணியும், பள்ளிவாசல் பாங்கோசையும், விகாரையிலிருந்து பிரித் ஓதும் ஒலியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்குமாம். நகரம் காலி செய்யப்பட்டபோது அம்மாவுக்கு 15 வயது. வீட்டுக் கதவையும் பலகைகளையும் கழற்றி லொறியில் ஏற்றிய பிறகு, என் பாட்டி துடைப்பத்தை எடுத்து அந்த வெறும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாராம்.

“எப்படியும் தண்ணி வரப்போகுது, எதுக்கம்மா கோலம்னு கேட்டேன். கோலம் இல்லாத வாசலை விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கல.”

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒன்பது வயதான என் மகள் மட்டும், “அப்பாயி, அந்தக் கோலம் இன்னும் இருக்குமா?” என்று கேட்டாள்.

அணையின் உயரத்தையும் கொள்ளளவையும் ஆண்டையும் எத்தனை நூறு மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன்! அந்த நீருக்கு அடியில் என் அம்மாவின் வாசல் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாமற் போயிற்று. மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அந்த மின்சாரம் என் வீட்டிலும் எரிகிறது. அதன் வெளிச்சத்தில்தான் என் பிள்ளைகள் படிக்கின்றனர். ஆனால் அந்த வெளிச்சத்துக்காகத் தம் வாசலைக் கொடுத்தவர் என் வீட்டு மூலையிலேயே கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவரை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய ஊரின் மேல் மீன் பிடிக்கப் புறப்பட்டேனே, அதுதான் வெட்கம்.

வெட்கப்பட்ட மனிதன் உடனே ஓர் அவசரத் தீர்மானம் செய்வான். நானும் செய்தேன். “கோயில் மூழ்கிக் கிடக்கும் நீரில் தூண்டில் போடுவது தகாது. மீன் பிடிக்கும் பேச்சை விட்டுவிடுவோம்” என்றேன். மகனின் முகம் வாடிற்று.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன் தாத்தா ஞாயிற்றுக்கிழமையானா ஆத்தங்கரையிலதான் இருப்பாரு. மூங்கில் தடியும் தையல் நூலும் வெச்சுத் தூண்டில் செய்வாரு. கோயில் பக்கத்துல போட மாட்டாரு, வளைவைத் தாண்டித்தான் போடுவாரு. பிள்ளைக்குத் தடியை எடுத்துக் குடு” என்றார். பிறகு பேரனைப் பார்த்து, “கோதுமை மாவைக் கொஞ்சம் கெட்டியா பிசைஞ்சு, மிளகு அளவுக்கு உருட்டணும். மண்புழு கெடைச்சா இன்னும் நல்லது” என்றார். புவியியல் ஆசிரியனால் சொல்ல முடியாத விடையைத் தையற்காரரின் மகள் சொல்லிவிட்டார்.

அன்றிரவு திட்டத்தை முதலிலிருந்து மறுபடியும் எழுதினோம். முன்பு நான் ஒருவனே எழுதினேன். இம்முறை ஐவரும் கூடி எழுதினோம்.

முதலாவது, நாள். என் விடுமுறையை வைத்து நாளைக் குறிப்பதை விட்டு, நீரின் மட்டத்தை வைத்துக் குறிப்பதென்று முடிவாயிற்று. மஸ்கெலியாச் சரிவுக்கு வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் வறட்சி கடுமையானால் மவுசாகலை நீர் வற்றி, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். ஆட்கள் சென்று வணங்கி வருவதும் உண்டு. அங்கே பணியாற்றும் நண்பர் ஒருவரிடம், நீர் இறங்கியதும் அறிவிக்குமாறு சொல்லி வைத்தேன். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அதுவேயாதலால், போயா தினத்தையும் வார இறுதியையும் தவிர்த்தோம். இல்லாவிடில் நல்லதண்ணி வீதியில் வாகன வரிசையிலேயே பொழுது போய்விடும்.

இரண்டாவது, தங்குமிடம். அம்மாவும் மனைவியும் மகளும் விடுதி அறையில். நானும் மகனும் அதன் முற்றத்துக் கூடாரத்தில். இந்த யோசனை மனைவியுடையது. “அத்தை தரையிலே படுத்தா எழும்ப மாட்டாங்க” என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டாள்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதனைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். நீர்த்தேக்கம் குளிக்கும் இடமன்று. கரையிலிருந்து நாலடி சென்றதும் மலைச்சரிவு போலவே ஆழம் சரிந்து இறங்கும். மலைநாட்டுப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் மிகச் சிலரே. வற்றிய கரையின் சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே கால் புதையும். ஆகவே பிறர் நடந்த தடத்திலேயே நடக்க வேண்டும். அணைக்குக் கீழேயுள்ள ஆற்றில் இறங்கவே கூடாது. வான்கதவு திறந்தால் ஓட நேரமிராது. தூண்டில் போடுமுன் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த புல்லருகே அடுப்பு மூட்டலாகாது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

நான்காவது, உணவு. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வீட்டிலிருந்து. தேயிலையும் சீனியும் தனிப் பொட்டலத்தில். மீன் கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் பருப்பு. “பருப்பைக் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கங்க” என்று மனைவி சொன்னதில், என் மீன்பிடித் திறமை மீது அவளுக்கிருந்த நம்பிக்கை புலப்பட்டது.

ஐந்தாவதை அம்மா தாமாகவே சேர்த்தார். சூடம், ஒரு தேங்காய், ஒரு சிறு டப்பாவில் கோலமாவு.

“கோயில் தெரியாமல், தண்ணீர் மட்டுமே இருந்தால் என்ன செய்வது அம்மா?” என்று கேட்டேன். ஏமாற்றத்துக்கு அவரை ஆயத்தப்படுத்துவது என் கடமை என்று தோன்றியது.

“தண்ணி இருந்தா கரையில நின்னு கும்பிட்டுட்டு வரேன். அது என்ன, ஊரு எங்கேயும் போயிடுமா?” என்றார்.

சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் பேசினார். நீர் இறங்கத் தொடங்கியிருக்கிறதாம். கோயிற் சுவரின் மேற்பகுதி தெரிகிறதாம். அந்தச் செய்தியைக் கேட்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிற்பகலில் பார்த்தபோது, வாசற்படியில் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூங்கில் தடியின் நுனியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முடிச்சு எத்தனை முறை அவிழ்ந்தபோதிலும் அவர் சலிக்கவில்லை.

நேயர்களே, உங்களில் யாரேனும் இந்த விடுமுறையில் ஓர் அணைக்கரைக்குச் செல்லத் திட்டமிட்டால், கூடாரத்தையும் தூண்டிலையும் தேடுமுன், வீட்டில் வயதில் மூத்தவரிடம் அந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்டேன். நல்லவேளையாக, மிகவும் தாழ்ந்துவிடவில்லை.

அப்பியாசப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ‘செல்வோர்’ என்பதன் கீழ் இப்போது ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது பெயரை என் மகள் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதிய பிறகு, அது கடைசியில் இருப்பது சரியில்லை என்று அம்புக்குறி ஒன்றைப் போட்டு முதலிடத்துக்கு ஏற்றிவிட்டாள்.