நீர்யானைக்கு வழிவிடுங்கள்!

ஜாம்பியாவின் லுவாங்வா ஆற்றங்கரை விடுதிக்குப் போகிறீர்களா? இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, ராத்திரியில் புல் மேயக் கரையேறும். அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நாம் நிற்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே அது புல் பிய்க்கும் சத்தம் கேட்டு என் அம்மா விடியவிடியத் தூங்கவில்லை. நான் சமாதானப்படுத்தவும் இல்லை. அங்கே பயம் இருப்பதே நல்லது.

கறுப்பு, கருநீல உடை வேண்டாம். செட்சி ஈக்கள் தேடி வரும். ஜூன், ஜூலை விடியற்காலையில் திறந்த ஜீப்பில் ஸ்வெட்டர் அவசியம். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே ஆரம்பியுங்கள். ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். "அதான் வந்துட்டோமே, இன்னும் எதுக்குடி?" என்றார் அம்மா. அங்கே கடித்த கொசுவுக்கு இங்கே வந்தும் காய்ச்சல் வரலாமே! தினமும் நானே கையில் எடுத்துக் கொடுத்தேன்.