வானத்தில் ஒரு பங்காளிச் சண்டை

பங்காளிச் சண்டைக்கு ஓர் இலக்கணம் உண்டு. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான். பாஷை ஒன்றுதான். வெளியாள் யாராவது வாலாட்டினால் தோளோடு தோள் நிற்பார்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் போதும், "அவன் வீட்டு ரசத்துல உப்பே இருக்காதுப்பா" என்று ஆரம்பித்து விடுவார்கள். பிரிட்டிஷ் விமானிகளும் அமெரிக்க விமானிகளும் இந்த ரகப் பங்காளிகள். என்ன, இவர்களுடைய திண்ணை 35,000 அடி உயரத்தில் இருக்கிறது!

பெண் லண்டனில், பிள்ளை நியூஜெர்சியில் என்று ஆகிவிட்டதால், இந்தச் சண்டையில் எனக்கும் கொஞ்சம் அக்கறை உண்டு. பாதி தூரம் ஒரு பங்காளி ஓட்டுகிறார், மீதி தூரம் இன்னொரு பங்காளி. இரண்டு பேர் கையிலும் மாறி மாறி உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். யார் தேவலை? எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற விமானியிடம் கேட்டேன். வெளிநாட்டு ரூட்டில் பல வருஷம் பறந்தவர்.

"ரேடியோவுல குரலைக் கேட்டாலே தெரிஞ்சுடும் சார்" என்றார். "பிரிட்டிஷ்காரன் கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி ஓர் எழுத்து விடாமப் பேசுவான். அமெரிக்கன், வெத்தலையை ஒரு பக்கம் அதக்கிக்கிட்டுப் பேசற மாதிரி இழுப்பான்."

அந்த இழுவைக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1947-ல் ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டிய சக் யேகர், மேற்கு வர்ஜீனியாக்காரர். என்ன விபரீதம் நடந்தாலும் கொட்டாவி விடுகிற தொனியில்தான் பேசுவார். அமெரிக்காவில் எந்த ஊரில் பிறந்த விமானியும் அந்தக் குரலைத்தான் காப்பி அடிக்கிறார் என்று டாம் உல்ஃப் 1979-ல் வந்த 'தி ரைட் ஸ்டஃப்' புத்தகத்தில் கிண்டலடித்திருக்கிறார்.

இனி, குற்றப்பத்திரிகை.

பிரிட்டிஷ் தரப்பு: "அமெரிக்கனுக்கு ரேடியோவில் ஒழுங்கு கிடையாது. விமானம் லேசாகக் குலுங்கினால் போதும், 'அந்த உயரத்தில் எப்படி? இந்த உயரத்தில் எப்படி?' என்று ஊரெல்லாம் விசாரிப்பான். அவசரத்துக்கென்று ஒதுக்கிய 121.5 அலைவரிசையில் பூனை மாதிரி 'மியாவ்' என்று கத்துவான். ரன்வேயில் போய் நில் என்று சொல்வதற்கு உலகம் முழுக்க ஒரு வாசகம் இருக்க, அவன் மட்டும் சொந்தமாக ஒன்று வைத்திருந்தான். 2010 செப்டம்பரில்தான் வழிக்கு வந்தான்."

அமெரிக்கத் தரப்பு: "பிரிட்டிஷ்காரன் விறைப்பு. குலுங்கினால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு டீ குடிப்பான். பயணிகள் எக்கேடு கெட்டால் என்ன? 121.5 பற்றி அவன் பேசலாமா? அவன் ஊரில் பயிற்சி மாணவர்கள் அதே அலைவரிசையில் ஆபத்து ஒத்திகை பார்க்கலாம் என்று விதியே இருக்கிறது!"

இறங்குவதிலும் தகராறுதான். லண்டனில் பொதுவாக ஒரு சமயத்தில் ஒரு விமானத்துக்குத்தான் 'இறங்கலாம்' என்பார்கள். நியூயார்க்கில் ரேஷன் கடை டோக்கன் மாதிரி, "நீ மூணாவது, இறங்கலாம்" என்று முன்கூட்டியே கொடுத்து விடுவார்கள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது தனக்கு அனுமதியா என்று பிரிட்டிஷ்காரருக்கு முதல் தடவை வியர்த்துப் போகுமாம்.

பங்காளி என்றால் சொத்து வழக்கு இல்லாமலா? இங்கே சொத்து, அட்லாண்டிக் சமுத்திரம். 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் அதை நிற்காமல் தாண்டி, அயர்லாந்தில் ஒரு சேற்று நிலத்தில் மூக்கு குத்தி இறங்கினார்கள். "அதுக்கு முந்தின மாசமே நாங்க நின்னு நின்னு தாண்டியாச்சே" என்கிறார் அமெரிக்கர். 1927-ல் லிண்ட்பெர்க் தனியாளாகத் தாண்டியதும், உலகம் ஆல்காக்கையும் பிரவுனையும் சுத்தமாக மறந்துவிட்டது. பிரிட்டனுக்கு அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

1958-லும் இதே கதைதான். அக்டோபர் 4-ம் தேதி பிரிட்டிஷ் காமெட் 4, அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் ஜெட் பயணிகள் சேவை என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போனது. மூன்று வாரம் கழித்து, 26-ம் தேதி பான் ஆம் கம்பெனியின் போயிங் 707 கிளம்பியது. பெயர் பிரிட்டனுக்கு, வியாபாரம் அமெரிக்காவுக்கு!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத சண்டையும் ஒன்று நடந்தது.

2005 பிப்ரவரி 20. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து லண்டனுக்கு 350-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போவில், மேலே ஏறுகிற சமயத்திலேயே ஓர் என்ஜின் தீப்பொறி கக்கியது. அதை நிறுத்தினார்கள். திரும்பி இறங்கவில்லை. மீதி மூன்று என்ஜினோடு அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போய்விட்டார்கள்! கடைசியில் எரிபொருள் பற்றிச் சந்தேகம் வந்து, லண்டனுக்கு முன்பே மான்செஸ்டரில் இறங்கினார்கள்.

அமெரிக்க அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். 25,000 டாலர் அபராதம் என்றார்கள். தாமதத்துக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் மூன்று நாள் முன்புதான் அமலுக்கு வந்திருந்தது. "காசுக்குப் பயந்துதானே பறந்தார்கள்?" என்று பேச்சு கிளம்ப, கம்பெனி மறுத்தது. "நாலு என்ஜின் விமானம் மூன்றில் பறப்பது எங்கள் விதிப்படி சரி" என்றது பிரிட்டன். வேடிக்கை என்னவென்றால், திரும்பி இறங்குவதற்குச் சமமான பாதுகாப்பு இருக்கிறது என்று கேப்டன் கருதினால் மேலே பறக்கலாம் என்று அமெரிக்க விதியும் இடம் கொடுக்கிறது. கடைசியில் கம்பெனி தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள, அபராதம் கைவிடப்பட்டது.

அடுத்த வம்பு, அனுபவக் கணக்கு. 2009-ல் பஃபலோ நகரத்துப் பக்கம் ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று 2013-ல் அமெரிக்காவில் விதி வந்தது. பிரிட்டனில் இருநூறு சொச்சம் மணி நேரம் பறந்த இளைஞர்களே, தீவிரப் பயிற்சிக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்துவிடலாம். "பச்சைப் பிள்ளைகள்" என்கிறார் அமெரிக்கர். "சின்ன விமானத்தில் 1,500 மணி நேரம் ஊரைச் சுற்றினால் ஞானம் வந்துடுமா?" என்கிறார் பிரிட்டிஷ்காரர். அந்த பஃபலோ விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர்கள் என்பதுதான் விசித்திரம்.

"சாவு பாஸ்போர்ட் பார்க்கிறதில்லை சார்" என்றார் எதிர் ஃபிளாட்காரர். அவர் குரலில் அதுவரை இருந்த குஷி காணாமல் போயிருந்தது.

1972 ஜூனில், ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் டிரைடென்ட் விமானம் சில நிமிஷங்களில் ஸ்டெய்ன்ஸ் அருகே விழுந்து 118 பேரும் இறந்தார்கள். கிளம்புவதற்கு முன் கேப்டன் வேலைநிறுத்தம் பற்றிய வாக்குவாதத்தில் கோபமாக இருந்தார். இதயக் கோளாறும் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களால் நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி ஒரு விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. எரிபொருள் குறைவதை என்ஜினியர் ஜாடையாகச் சொன்னாரே தவிர, அழுத்திச் சொல்லவில்லை. தொட்டி காலியாகி விழுந்து, 10 பேர் போனார்கள். 'கேப்டன் கடவுள்' என்ற பழைய மதத்துக்கு இரண்டு நாட்டிலும் கோயில் இருந்திருக்கிறது!

அதற்குப் பிறகுதான், 1981-ல், யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு புதுப் பயிற்சியைக் கொண்டுவந்தது. சின்னவர்கள் வாயைத் திறக்கணும், பெரியவர் காதைத் திறக்கணும், அவ்வளவுதான் விஷயம். இன்று பிரிட்டன் உள்பட உலகமே அதைப் படிக்கிறது. பங்காளியிடமிருந்து படித்தோம் என்று யாரும் குறைப்பட்டுக் கொள்ளவில்லை.

சரி, வாயாடி அமெரிக்கன், வாய்திறவா பிரிட்டிஷ்காரன் என்கிறார்களே, அது உண்மையா?

1982 ஜூன் 24. இந்தோனேஷியா மேலே எரிமலைச் சாம்பலில் மாட்டி, பிரிட்டிஷ் ஜம்போவின் நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்தார். "ஒரு சின்னப் பிரச்னை. நாலு என்ஜின்களும் நின்றுவிட்டன. மறுபடி ஓடவைக்க எங்களால் ஆனமட்டும் முயல்கிறோம். நீங்கள் ரொம்பக் கவலைப்படவில்லை என்று நம்புகிறேன்" என்ற பொருளில் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார்! 2009 ஜனவரி 15-ல் பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் போனபோது, அமெரிக்க கேப்டன் சல்லன்பர்கர் பயணிகளிடம் சொன்னது, "கேப்டன் பேசுகிறேன். மோதலுக்குத் தயாராகுங்கள்." முடிந்தது பேச்சு. ஹட்சன் நதியில் இறக்கினார். முதல் விமானமும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. இரண்டிலும் ஓர் உயிர்ச்சேதம்கூட இல்லை.

அந்த ஹட்சன் விமானத்தின் ஒலிப்பதிவில் இன்னொரு வரியும் உண்டு. தண்ணீரில் இறங்கச் சில விநாடிகளே பாக்கி. கேப்டன் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கிறார்: "உங்களுக்கு ஏதாவது யோசனை இருக்கா?" இல்லை என்றுதான் பதில். ஆனால் அந்த நேரத்திலும் கேட்டாரே!

இப்போது விமானத்தில் ஸ்பீக்கர் கரகரத்தால், எந்த ஊர்க் குரல் என்று நான் பார்ப்பதில்லை. அந்தக் குரலுக்குப் பக்கத்தில், "சார், பெட்ரோல் தீருது" என்று தைரியமாகச் சொல்ல இன்னொரு குரல் இருந்தால் போதும். அதை எந்த ஊர் உச்சரிப்பில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.