கொம் 33

2022 யூன் மாதம். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த வேகத்தில் அண்ணாவின் கடை லப்டொப் எரிந்துபோனது. அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன்; யாழ்ப்பாணத்தில் ஸ்ரிக்கர் வெட்டுகிற சின்னக் கடை வைத்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிவிட்டது. டொலர் 360 ரூபாவில் நின்ற காலம். புது லப்டொப் என்ற கதைக்கே இடமில்லை. மிச்சமிருந்தது நான் கம்பஸுக்குக் கொண்டுபோகிற, 4 ஜிபி ரம் உள்ள பழசு. அதில் இருந்தது உபுண்டு 22.04 மட்டும்.

கையில் ஒரே ஒரு ஓடர். பெற்றோல் இல்லாத ஊரில் அப்போது சனம் குவிந்தது சைக்கிள் திருத்துகிற கடைகளில்தான். அப்படி ஒரு கடைக்காரர் பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டித்தரச் சொல்லி முற்பணமும் தந்திருந்தார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். முற்பணம் ஏற்கெனவே அரிசியாகிவிட்டது.

முதலில் இங்க்ஸ்கேப்பைக் காட்டினேன். லினக்ஸிலேயே ஓடும், கட்டருக்கு நேரடியாக அனுப்பும். அண்ணா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மவுஸை வைத்துவிட்டார்.

"பத்து வருச டிசைன் முழுக்க அந்த சொஃப்ட்வெயாரில கிடக்கு. பாமினி எண்டா கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன். இதில நான் திரும்ப அரிவரியில இருந்து தொடங்கோணும். வெள்ளிக்கிடையில ஏலுமோ?"

ஏலாதுதான். ஆகவே வைன். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓடவைக்கிற மென்பொருள்; 1993இலிருந்து இருக்கிறது. "வைன் போட்டிருக்கிறன்" என்று நான் போனில் நண்பனுக்குச் சொன்னது பெரியம்மாவின் காதில் விழுந்ததும், அன்றிரவு சோறு போடும்போது அவர் என்னை முகர்ந்து பார்த்ததும் தனிக்கதை.

சொஃப்ட்வெயார் அரை மணித்தியாலத்தில் திறந்தது. பாமினியை வைனின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குள் போட்டதும் தமிழும் வந்தது. கட்டர்தான் வரவில்லை.

அது பழைய சீரியல் மெஷின். ஒன்பது பின் வயர், அதை யூஎஸ்பி ஆக்குகிற மலிவான கன்வேட்டர், உள்ளே சீஎச்340 சிப். வைனுக்குள் விண்டோஸ் டிரைவர் போட முடியாது. இதற்குத் தேவையும் இல்லை. வயரைப் பிடிப்பது லினக்ஸின் வேலை. வைன் அதற்கு கொம் 1, கொம் 2 என்று விண்டோஸுக்கு விளங்குகிற பெயரை மட்டும் வைக்கிறது.

ஆனால் லினக்ஸே பிடிக்கவில்லை. கேர்னல் பதிவைப் பார்த்தால், கன்வேட்டரைக் குத்தியதும் ரிரிவை யூஎஸ்பி 0 என்று வருகிறது, உடனேயே காணாமல் போகிறது. இரண்டு நாள் வயரைத்தான் சந்தேகப்பட்டோம். அண்ணா பின்களைத் திரும்ப சோல்டர் பண்ணியும் பார்த்தார். மூன்றாம் நாள்தான் அந்தப் பதிவில் இருந்த ஒரு பெயரை ஒழுங்காக வாசித்தேன்: பிஆர்எல்ரிரிவை. பார்வையற்றவர்களின் பிரெய்ல் கருவிகளைக் கணினியோடு இணைக்கிற மென்பொருள். 20 எழுத்து காட்டுகிற ஒரு பிரெய்ல் வாசிப்புக் கருவியும் எங்கள் சிப்பும் ஒரே அடையாள எண்ணைத்தான் சொல்கின்றன. எண்ணைக் கண்டதும் தன் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்து அது போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம், அதை முழுதாக அழித்துவிடு என்பது. நானும் கட்டளையை அடித்தேன். என்டரை அமத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். இந்த லப்டொப்பை பார்வையற்றவர் யாரும் பாவிப்பதில்லை, அழித்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனாலும் யுடெவ் விதிக் கோப்பில் அந்த எண் உள்ள ஒரு வரியை மட்டும் நிறுத்தினால் போதும் என்று தெரிந்தபிறகு, அழிக்க மனம் வரவில்லை. வரியை நிறுத்தினேன்.

அடுத்தது அனுமதியில்லை என்ற செய்தி. டயல்அவுட் என்ற குழுவில் என் பெயரைச் சேர்த்து, லொக்அவுட் பண்ணி வந்ததும் சரி.

கட்டருக்கு விளங்குகிற மொழி எச்பிஜிஎல். அதில் 40 அலகு ஒரு மில்லிமீற்றர். கத்தியை இறக்கி 400 அலகு போ என்று ரேர்மினலில் ஒரு வரி அனுப்பினேன். 'கிர்' என்று ஒரு சத்தம். அண்ணா வெட்டின கோட்டில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"ஒரு சென்ரிமீற்றர். சரியா இருக்கடா!"

சந்தோசம் பத்து நிமிடம்தான். சொஃப்ட்வெயார் கொம் 1 முதல் 4 வரைதான் காட்டியது, எதிலும் கட்டர் இல்லை. உபுண்டுவில் மெஷினில் இல்லாத சீரியல் போர்ட்டுகளுக்கும் 32 பெயர்கள் இருக்கின்றன. வைன் முதல் 32 இலக்கங்களையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வயருக்கு கொம் 33 என்று வைத்திருந்தது. வராத விருந்தாளிகளுக்குக் கதிரை போட்டுவிட்டு வந்தவரைப் படலையடியில் நிற்கவைத்த மாதிரி. கையால் லிங்க் மாற்றினேன். வைனை மூடித் திறந்ததும் அது பழையபடி. கடைசியில் வைனின் ரெஜிஸ்ட்ரியில் போர்ட்ஸ் என்ற இடத்தில் கொம் 1 என்றால் ரிரிவை யூஎஸ்பி 0தான் என்று எழுதி, வைனை முழுதாக நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன்.

வியாழன் இரவு ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. பதினொரு மணிக்கு எழுத்து முழுக்க வெட்டி முடிந்தது.

வெள்ளி காலை அண்ணா அதைச் சுருட்டிக் கரியரில் கட்டினார்.

"தம்பி, அப்டேட் எண்டு ஏதும் கேட்டா?"

"தொடாதேங்கோ அண்ணா. அந்த வரி திரும்ப வந்திடும்."

லப்டொப் கடையிலேயே நின்றுவிட்டது. என் கடைசி வருட புரொஜெக்டைக் கடை பூட்டினபிறகு, ஸ்ரிக்கர் துண்டுகளுக்கு நடுவில் இருந்துதான் செய்து முடித்தேன்.