மாலத்தீவு வரை செல்லும் பாலிசி

கார் இன்சூரன்ஸ் பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர்கள் குறைவு. பிரீமியம் எவ்வளவு, நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு டேஷ்போர்டுக்குள் செருகிவிடுவதே வழக்கம். பொறுமையாக வாசிப்பவருக்கு அதில் ஒரு வேடிக்கை உண்டு. பாலிசி செல்லுபடியாகும் நிலப்பரப்பு எது என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று ஒரே சொல் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் அதை நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்கொள்ளலாம் என்று இந்திய மோட்டார் கட்டண விதிகள் சொல்கின்றன. மாலத்தீவுக்கு எந்த ரோடு வழியாகப் போவது என்பதை விதி எழுதியவர்கள் விளக்கவில்லை. ஆனால் அந்த ‘இந்தியா’வுக்குள் பிரிவுகள் ஏதும் கிடையாது. டிஎன் 70 என்று ஓசூர் எண் போட்ட வண்டி ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளியில் போய் இடித்தாலும், தர்மபுரியில் இடித்தாலும் பாலிசிக்கு ஒன்றுதான். கொரோனா ஓடிய 2020, 2021 இரண்டு வருஷமும் ஓசூர்க்காரர் கையில் வைத்திருந்த காகிதங்களில், நாட்டை ஒரே நாடாக நடத்தியது அநேகமாக இது ஒன்றுதான்.

ஓசூரில் ‘பார்டர்’ என்றால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள், அதற்கும் அப்பால் எலெக்ட்ரானிக் சிட்டி. வாடகை குறைவென்று இங்கே குடியிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே வீடும் இங்கே ஷிப்டும் உள்ளவர்களும் உண்டு. பாகலூர், பேரிகை ரோஜா விடிவதற்குள் பெங்களூரு போய்ச் சேர வேண்டும். இவர்கள் யாரும் பயணம் போகிறவர்கள் அல்ல. வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். நடுவில் ஒரு மாநில எல்லை கிடக்கிறது, அவ்வளவுதான். கொரோனா கால எல்லை விதிகளில் எனக்குத் தெரியும் பெரிய கோளாறு அவை கடுமையாக இருந்தது அல்ல. எங்கிருந்தோ வந்து ஒரு ஊரில் தங்கப்போகிற ஆளை மனதில் வைத்து அவற்றை எழுதினார்கள். தினமும் போய்வருகிறவர் மீதும் அவற்றையே போட்டார்கள். பிறகு அவர் பழகிக்கொள்வதற்குள் மாற்றினார்கள்.

நடந்ததை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி மாவட்டம். மே தொடக்கத்தில் இங்கும் தொற்று தலைகாட்டியது. ஆனாலும் கோயம்பேடு சந்தை வழியாகப் பரவித் தவித்த சென்னையோடு ஒப்பிடக்கூடிய நிலை இல்லை. மே 18 அன்று கர்நாடகம் மகாராஷ்டிரம், குஜராத், கேரளம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலத்தவரும் மாதக் கடைசி வரை உள்ளே வர வேண்டாம் என்றது. சென்னை ராயபுரத்துக்கும் ஓசூர்ப் பக்கத்துத் தளிக்கும் ஒரே தடை. ஜூலை 29-இல் மத்திய உள்துறை, மாநிலங்களுக்கிடையே ஆளோ சரக்கோ போக எந்த அனுமதியும் வேண்டாம் என்று விதித்தது. சில மாநிலங்கள் கேட்டபாடில்லை என்பதால் ஆகஸ்ட் 22-இல் உள்துறைச் செயலர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நாளில் கர்நாடகம், உள்ளே வருகிறவர்களிடம் கேட்டுவந்த சேவா சிந்து இணையப் பதிவைக் கைவிட்டது. தமிழ்நாடு செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸை எடுத்துவிட்டு, வெளிமாநிலத்திலிருந்து வருவதற்கு மட்டும் வைத்துக்கொண்டது. ஆக, அந்த மாதம் ஓசூர்க்காரர் பெங்களூரு போகக் காகிதம் தேவையில்லை. தன் வீட்டுக்குத் திரும்பி வரத்தான் தேவை. 2021 மார்ச்சில் வெளிமாநிலத்தவர்க்கெல்லாம் இ-பாஸ் கட்டாயம் என்ற அறிவிப்பிலிருந்து கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கு விலக்கு வந்தது. மே 10-இல் இரு மாநிலமும் சொல்லிவைத்தாற்போல ஒரே நாளில் முழு ஊரடங்குக்குப் போயின.

இந்த மாற்றங்களுக்கு நடுவே இன்சூரன்ஸ் பயம் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் இல்லாமல் போய் விபத்தானால் கிளெய்ம் கிடைக்குமா என்பது அதன் பாதி. மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைப் பொறுத்தவரை இது வீண் பயம். மோட்டார் வாகனச் சட்டம் இன்சூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணங்களைச் சொல்லி ஒதுங்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. லைசென்ஸ், பர்மிட், வாடகைக்கு ஓட்டியது போன்றவை அதில் வரும், இ-பாஸ் வராது. மறுபாதி பயத்துக்குக் காரணம் இருந்தது. எஃப்.சி., பர்மிட், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாவற்றுக்கும் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தவணை தவணையாக 2021-இலும் ஆயுளை நீட்டிக்கொண்டே போனது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கோ நிதி அமைச்சகம் தனியாகக் கொடுத்த அவகாசம் 2020 மே 15 வரைதான். எல்லாத் தாளுக்கும் நீட்டிப்பு உண்டு என்று நம்பி ஷெட்டில் நிறுத்திய மஞ்சள் போர்டு வண்டியின் பாலிசி ஓசையில்லாமல் லேப்ஸ் ஆக இது போதும்.

2020 ஜூலை 10 முதல் ‘கொரோனா கவச்’ என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி விற்பனைக்கு வந்தது. மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என மூன்று அளவு. 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை காப்பு. முதல் 15 நாள் காத்திருப்புக் காலம். இன்சூரன்ஸ் கம்பெனிகளைப் புகழ்வது என் வேலை அல்ல. ஆனால் அந்தப் பாலிசியை வாங்கியவருக்கு எந்தத் தேதி வரை என்ன கிடைக்கும் என்று தெரியும். நடுவில் விதியை மாற்ற முடியாது. எல்லை விதிகளோ சில சமயம் அந்தக் காத்திருப்புக் காலம் அளவுகூட உயிரோடு இருக்கவில்லை. நோயைப் பணயமாக வைத்து லாபம் பார்க்க வந்த கம்பெனியால் ஒரு சொல்லில் மூன்றரை மாதம் நிற்க முடிந்ததென்றால், அரசு ஒரு மாதமாவது நின்றிருக்கலாம்.

வந்து தங்குகிறவருக்கு எழுதிய எல்லை விதியைப் போய்வருகிறவர் மீதும் போடும் கோளாறு புதிதும் அல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020-இல் மாநிலங்கள் தூசு தட்டி எடுத்த அதே சட்டம். 1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தது. சென்னை மாகாணம் தன் எல்லைக்குள் வருகிறவர்களை மறித்து ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்தது. நோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர் எங்கே போகிறார் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன்னால் போய்த் தன்னைக் காட்ட வேண்டும். சந்தைக்கு வந்து பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டிய விவசாயி பத்து நாள் யார் முன்னால் நிற்பது? சேர்ந்த ஊர் என்று அவருக்கு எதைச் சொல்வது? அந்தத் தாள் ரயிலேறி நெடுந்தூரம் போகிறவருக்காகப் பிறந்தது, மாட்டுவண்டிக்காரருக்காக அல்ல. பிளேக் பெங்களூருக்கு மல்லேசுவரத்தையும் பசவனகுடியையும் கொடுத்துவிட்டுப் போனது. நெருக்கடியான பேட்டையை விட்டு அகலத் தெருக்களுக்கு மக்களை நகர்த்தினார்கள். கோயம்புத்தூருக்குப் பிளேக் மாரியம்மனைக் கொடுத்தது. எல்லைக் காகிதத்தைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நூற்றிருபது வருஷம் கழித்து அதே ஆளை அதே மாதிரி நிறுத்தி, இந்த முறை கையில் போனைக் கொடுத்து ஓடிபி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

வைரஸ் மாறிக்கொண்டே இருந்தது, விதி மட்டும் எப்படி மாறாமல் நிற்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விதி மாறுவது வேறு, எப்போது மாறும் என்று தெரியாமல் இருப்பது வேறு. தொற்று இந்த அளவைத் தொட்டால் இது, அதைத் தொட்டால் அது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2020 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரே அளவுகோலும் நிற வரைபடமும் வைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது அப்படித்தான். அங்கேயும் எல்லா நாடும் ஒழுங்காகக் கேட்கவில்லை, உண்மை. அளவுகோல் ஒன்று இருந்ததால்தான் மீறியது யார் என்று சுட்டிச் சொல்ல முடிந்தது. இன்னொரு ஆட்சேபம், செக்போஸ்ட்டில் தினசரிப் பயணியையும் நெடும்பயணியையும் பிரித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஆகாது என்பது. சரக்கு லாரியைப் பிரித்துப் பார்த்தார்களே! ஊரடங்கு முழுவதும் லாரி ஓடியது, டிரைவரும் கிளீனரும் பல மாநிலக் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்தார்கள். அது தேவை, நடந்தது. காசர்கோடு–மங்களூரு எல்லையிலும் தினசரிப் பயணிகளுக்கென்று பாஸ் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து வருவோருக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் கேட்ட கர்நாடகமே, தினமும் வருகிறவருக்கு 15 நாளுக்கு ஒரு முறை போதும் என்றது. எனவே முடியாத காரியம் அல்ல. அதை நெருக்கடிக்கு நடுவில், கூச்சல் எழுந்த பிறகு, விலக்காகச் செய்தார்கள் என்பதுதான் குறை.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த எல்லை ஒன்று இருக்கிறது: தமிழர்களும் ஏராளமாகக் கடக்கும் ஜோகூர்–சிங்கப்பூர் பாலம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அது 2020 மார்ச் 18-இல் அடைபட்டது. ஆகஸ்டில் தொடங்கிய ஏற்பாட்டில் தொழிலாளி சிங்கப்பூரில் குறைந்தது 90 நாள் தங்கிய பிறகே வீட்டுக்கு லீவில் போகலாம். காலையில் போய் இரவு திரும்பிய மனிதர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர் ஆனார். எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அத்திப்பள்ளி அந்த அளவுக்குப் போகவில்லை என்று திருப்திப்படலாம்தான். ஆனால் அது வேறு நாடு.

மருத்துவக் காப்பீட்டிலும் இந்தத் தினசரிப் பயணியைக் காணோம். தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் அட்டையைக் கேட்கிறது. கர்நாடகத்தின் ஆரோக்கிய கர்நாடகம் அந்த மாநிலத்தின் அட்டையைக் கேட்கிறது. ஐரோப்பியச் சட்டத்தில் நாள்தோறும், அல்லது வாரம் ஒரு முறையாவது, எல்லை தாண்டி வீடு திரும்பும் தொழிலாளிக்கு வேலை செய்யும் நாட்டிலும் குடியிருக்கும் நாட்டிலும் சிகிச்சை பெற உரிமை உண்டு. பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொள்ள முடிந்த ஏற்பாடு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும், அத்திப்பள்ளி இருக்கும் பெங்களூரு நகர மாவட்டத்துக்கும் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டுவது பற்றிப் பேச்சும் எழுந்தது. ரயில் வந்தால் கோட்டைத் தாண்டுகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். தண்டவாளத்துக்கு ஒப்பந்தம் போட உட்காரும்போது, தினசரிப் பயணி யார், எந்த நிலையில் அவரிடம் என்ன காகிதம் கேட்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் பணம் என்று நான்கு பக்கம் சேர்த்து எழுதி, இரண்டு தலைமைச் செயலர்களும் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.