எழுதச் சொன்னால் ஓடும் பையன்கள்

"பசுவைப் பற்றிப் பத்து வரி எழுது" என்று நான்காம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பையன்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தண்ணீர் தாகம் எடுக்கும். மீதிப் பேருக்குப் பென்சில் முனை உடையும். (விரும்பி எழுதும் பையன்களும் உண்டு, சண்டைக்கு வராதீர்கள்!)

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் சொல்லித் தந்தார்கள். 2022இல் விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்றில், ஒரு திண்ணையில் அப்படி ஒரு வகுப்பு. அதில் ஒரு பையன். வாயைத் திறந்தால் முந்தின நாள் மேட்சைப் பந்து பந்தாகச் சொல்வான். நோட்டைத் திறந்தால் மூன்று வார்த்தை, அதையும் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை. வீட்டில் அவனுக்குப் பெயர் 'மக்கு'. கொஞ்ச நாளில் அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்: "எனக்கு எழுத வராதுக்கா. நான் மக்குக்கா."

எட்டு ஒன்பது வயதில் ஒரு பிள்ளை இதை நம்பிவிட்டால் அப்புறம் யார் சொல்லியும் மாற்றுவது கஷ்டம்.

உண்மையில் எழுத்து என்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலை. தலை வாக்கியத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், கை எழுத்தைப் போட வேண்டும். 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு முதலில் 'க்', பிறகு 'ஒ'. கையோ முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு துணைக்கால் போட வேண்டும். இந்த வயதில் பல பையன்களுக்கு விரல் பழகுவது பெண் பிள்ளைகளைவிடச் சற்றுத் தாமதம். கை கொம்பைத் தேடும் நேரத்தில் தலையில் இருந்த வாக்கியம் ஓடிப்போகிறது. மிஞ்சிய மூன்று வார்த்தையிலும் சிவப்பு மை விழுந்தால் யாருக்குத்தான் எழுதத் தோன்றும்?

திண்ணை அக்கா இரண்டு வேலையையும் பிரித்தார். முதல் வாரம் அவன் மேட்சைச் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். "இந்தா, நீ சொன்னதுதான், படி." அவன் படித்தான். தன் பேச்சு தாளில் நிற்பதை அன்றுதான் பார்த்தான்.

அடுத்த வாரம் வழக்கம்போலத் தெரு கிரிக்கெட்டில் சண்டை. "ரூல்ஸை எழுதிச் சுவரில் ஒட்டுங்கடா" என்றார் அக்கா. பையன்கள் கூடி உட்கார்ந்தார்கள். மாடிக்குப் போனால் அவுட். ஒன் பிட்ச் கேட்ச் அவுட். பள்ளத்தில் விழுந்தால் 2 ரன்.

மறுநாளே தகராறு. ஒன் பிட்ச் கேட்சை ஒரு கையில் பிடிக்க வேண்டுமா, இரண்டு கையிலா? தாளில் அது இல்லை. போதாக்குறைக்கு 'பள்ளத்தில்' என்பதை 'பல்லத்தில்' என்று எழுதியிருந்தார்கள். "பல்லுல பட்டா ரெண்டு ரன்னாடா?" என்று பக்கத்துத் தெருப் பையன்கள் சிரித்துத் தீர்த்தார்கள். அன்று மாலை யாரும் சொல்லாமலே தாள் திரும்ப எழுதப்பட்டது. 'ஒரு கையில் பிடித்தால் மட்டும் அவுட்' என்று திருத்தியவன் அந்தப் பையன்தான். ல, ள வித்தியாசத்தை அக்காவிடம் கேட்டு வந்ததும் அவனே.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருந்தது. ஆனால் 'மக்கு' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வருவது நின்றுபோனது.

வீட்டில் தம்பியோ அக்கா பையனோ இருந்தால் முயற்சி செய்து பாருங்கள். முதலில் அவனைச் சொல்ல விடுங்கள். பிறகு, யாராவது நிஜமாகவே படிக்கப் போகிற ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழையைத் திருத்தினால் போதும்.

பசு எங்கேயும் போய்விடாது. அதை அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம்.